சிவப்பியைக் கண்ணாடிக்குள் நிறுத்தலாமா?

மாலைக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் வளைவுச் செம்மல் தியோடரின் படத்துக்கு முதல் வணக்கம். படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் திருமதி மௌரீன் தியோடர் அம்மையார் அவர்களே, இந்த மண்டபத்தை நமக்காகத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே, நந்தி மலை ஞாயிறு மோட்டார் கழகத்தின் தலைவரும் வங்கி மேலாளருமான திரு. வெங்கடராமன் அவர்களே, ஆஸ்டின் டவுனிலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் என்னுடைய ஜோகுபாளையத்திலிருந்தும் திரண்டு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே! இப்படி ஒரு காரணத்துக்காக உங்களை ஒன்றாகப் பார்க்க நேர்ந்ததே என்ற வருத்தத்தோடு வணங்குகிறேன்.

நான் கோதண்டராமன். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியன். கழகத்தின் செயலாளர். காரின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே எது எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நோட்டீஸ் எழுத ஒரு ஆள் வேணும் மேன், நீ வா" என்று தியோடர் கூப்பிட்டார், வந்தேன். வளைவுச் செம்மல் என்ற பட்டமும் நான் கொடுத்ததுதான். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அந்தப் பட்டத்தை அறிவித்தபோது, "இது திட்டா, புகழ்ச்சியா?" என்று என் காதில் கேட்டார்.

அன்பர்களே! என் சட்டைப் பையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. போன வாரம் செயற்குழு கூடி, தியோடரின் சிவப்புக் காரை என்ன செய்வது என்று பேசினோம். கழக அறையின் வாசலில் கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டி, அந்தக் காரை அதற்குள் நிரந்தர நினைவுச் சின்னமாக நிறுத்துவது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். கை தட்டினோம், காபி குடித்தோம், கலைந்தோம். அதை இங்கே வாசிப்பதுதான் எனக்கு இட்ட வேலை. வாசிக்கத்தான் வேண்டுமா என்பதை, நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

யார் இந்தத் தியோடர்? விமானத் தொழிற்சாலையில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்தவர். தேவாலயப் பாடகர் குழுவில் சுதி சேராமல் பாடியவர். தொண்ணூற்று இரண்டில் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவின் பின்புறம், கோழிகள் அடை காத்துக்கொண்டிருந்த ஒரு பழைய இங்கிலாந்துக் காரைப் பார்த்தவர். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். பார்த்த மற்றவர்கள் கோழியைப் பார்த்தார்கள். இவர் காரைப் பார்த்தார்! கோழிகளுக்கு வேறு கூடை வாங்கிக் கொடுத்துவிட்டு, காரை லாரியில் ஏற்றி ஆஸ்டின் டவுன் சந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதை மறுபடி ஓட வைத்தபோது சந்து முழுக்க ஊதா நிறத்தில் புகை. "சிவப்பி இருமறா, அவ்வளவுதான், சரியாயிடும்" என்றார். அன்றிலிருந்து அவள் பெயர் சிவப்பி.

அந்தச் சிவப்பியில் அவர் எங்கே போனார்? மைசூர் சாலையில் போனாரா? இல்லை. மகாத்மா காந்தி சாலையில் நாலு பேர் பார்க்க வலம் வந்தாரா? அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நேராக நந்தி மலை. நீளமான ரோடு வந்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். "நேர் ரோட்டுல கார் ஓட்டுறது லிஃப்ட்ல நிக்கிற மாதிரி. போய்ச் சேரலாம், என்ன சொகம்?" என்பார்.

எனக்கு அந்தச் சுகத்தைக் காட்டிய நாளைச் சொல்கிறேன். சலவைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், ஆசிரியர் கோலத்தில் இடது இருக்கையில் இறங்கினேன். ஆம், ஏறவில்லை, இறங்கினேன்! அந்தக் காரில் உட்காருவது தரையில் பந்திக்கு உட்காருவதைப் போன்றது. கையை நீட்டினால் தார் ரோட்டைத் தொடலாம். அதனால்தான் மெதுவாகப் போனாலும் பறப்பதாகத் தோன்றுகிறது; இது எனக்கு முதல் வளைவிலேயே புரிந்துவிட்டது.

மூன்றாவது வளைவில் என் அங்கவஸ்திரம் புறப்பட்டது. கழுத்தைவிட்டு எழுந்து, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்து, நேராகப் போய் ஒரு நீலகிரித் தைல மரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. நான் கத்தினேன். தியோடர் நிறுத்தினாரா? "வளைவுக்கு நடுவுல நிறுத்தக் கூடாது மேன்!" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்குள் போய்விட்டார். அங்கே ஒரு குரங்கு அதை ஒரு மாதம் கட்டிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி. நந்தி மலையில் அந்த இடத்துக்கு எங்கள் கழகத்தில் இன்றும் துண்டு வளைவு என்றுதான் பெயர்.

துண்டு போன பிறகுதான் எனக்குக் கண்ணும் காதும் திறந்தன. கேளுங்கள். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாறைப் பக்கம் போகும்போது என்ஜின் சத்தம் சுவரில் மோதி நம் காதுக்கே திரும்பி வருகிறது. பள்ளத்துப் பக்கம் திரும்பியதும் அந்தச் சத்தம் காற்றோடு போய்விடுகிறது. பறவைச் சத்தம் கேட்கிறது. மறுபடி பாறை, மறுபடி பள்ளம். நிழலுக்குள் நுழைந்தால் கன்னம் சில்லென்கிறது, வெயிலுக்கு வந்தால் சுடுகிறது. ஈர மண் வாசனை, தைல மர வாசனை, யாரோ வறுக்கும் கடலை வாசனை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இதில் ஏதாவது கிடைக்குமா? நம் தலைவர் வெங்கடராமன் அவர்கள் அப்படித்தான் குடும்பத்தோடு அந்த மலைக்குப் பல வருடம் போய் வந்தார். ஒரு நாள் சிவப்பியில் போய் இறங்கியவர், "ஓய், நான் இந்த ரோட்டுக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்லய்யா" என்றார். தலை ஆட்டுகிறார் பாருங்கள், பொய்யில்லை!

வேகமா காரணம்? இல்லவே இல்லை. தியோடர் யாரோடும் பந்தயம் போகமாட்டார். பின்னால் அவசரக்காரர் வந்தால் ஒதுங்கி வழிவிட்டுக் கையும் ஆட்டுவார். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மற்றவருடையது, அங்கே நமக்கு வேலை இல்லை என்பார். அவருடைய இன்பமெல்லாம் ஒரு வளைவை ஒழுங்காகச் செய்து முடிப்பதில் இருந்தது. வளைவுக்கு முன்பே பிரேக். மூன்றிலிருந்து இரண்டாம் கியர். பார்வை வளைவு முடிகிற இடத்தில். கை போதுமான அளவு திரும்பும், அதற்கு மேல் ஒரு விரல்கூட அசையாது. வளைவின் வெளிவாசல் தெரிந்ததும் காலை அழுத்துவார். சிவப்பி நம் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு கிளம்புவாள். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்! யாராவது வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "முன்னாடி போடு மேன், உள்ள போய்ப் போடாதே!" இந்த மண்டபத்தில் அந்தத் திட்டை வாங்காத கழக உறுப்பினர் ஒருவராவது உண்டா?

மலையடிவாரத்தில் எங்களுக்கு டீ கொடுப்பவர் முதன்முதலில் சிவப்பியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மேலெ முச்சள இல்வா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். மேலே மூடி இல்லையா என்கிறார். தியோடர் வானத்தைக் காட்டினார். "ஆகாச இதெயல்லப்பா!" ஆகாயம்தான் இருக்கிறதே என்கிறார். அதன் பிறகு அந்தக் கடையில் எங்களுக்குச் சூடு ஆறாத டீ எப்போதும் கிடைத்தது.

தொண்டு என்று சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். சிவப்பியின் டிக்கியில் பெட்டி படுக்கை இருக்காது. தண்ணீர் கேன்கள் இருக்கும். மலை ஏறும்போது கொதித்து நின்ற வண்டி எதையும் அவர் தாண்டிப் போனதில்லை. ஒருமுறை ஏற்காட்டு மலையில் ஒரு கல்யாண வேன் படுத்துவிட்டது. தண்ணீருக்கு மசியாத கோளாறு. மேலே மாப்பிள்ளை மணவறையில், இங்கே நாதஸ்வரம் நடுரோட்டில்! வித்வானை வாத்தியத்தோடு தூக்கி இடது இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பினார் தியோடர். அன்றைக்கென்று பார்த்துச் சிவப்பியின் ஹாரன் வேலை செய்யவில்லை. குருட்டு வளைவில் ஹாரன் இல்லாமல் திரும்பலாமா? "ஐயா, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் ஊதுங்க" என்றார். வித்வான் ஊதினார்! கீழே இறங்கி வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், சாமி ஊர்வலம் வருகிறது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றி நின்றாராம். அந்த வித்வான் திரு. பழனிச்சாமி அவர்கள் இன்று சேலத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கல்யாணம் நடந்ததா என்று கேட்காதீர்கள். அந்தத் தம்பதியும் பின்வரிசையில் இருக்கிறார்கள்.

இனி எங்கள் கழகத்தின் ஒரே சட்டத்தைச் சொல்ல வேண்டும். மேலே ஓட்டிப் போனவர் கீழே ஓட்டக் கூடாது. உச்சியில் சாவி கை மாற வேண்டும். அதற்கு அவர் சொன்ன நியாயம் இது. "ஏத்தம் ஒரு சந்தோஷம், எறக்கம் வேற சந்தோஷம். ரெண்டையும் ஒருத்தனே சாப்பிட்டா எப்படி மேன்?" தன்னுடைய சொந்தக் காரில், தன் கையால் உயிர் கொடுத்த காரில், அவர் ஒரு நாளும் இரண்டையும் எடுத்துக்கொண்டதில்லை. இதைவிட ஒரு மனிதரைப் பற்றி நான் என்ன புகழ்ந்து சொல்ல முடியும்?

போன வருடம் இதயம் சரியில்லை என்று மருத்துவர் கார் ஓட்டத் தடை போட்டார். தியோடர் வாசலில் உட்கார்ந்து சிவப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சுக் குறைந்தது. சிரிப்பு நின்றது. எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. அப்போது மௌரீன் அம்மையார் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தினமும் மாலையில் வெளியே போனார்கள். எந்தப் பயிற்சி? டிரைவிங் ஸ்கூல்! பேரப்பிள்ளை எடுத்த வயதில், கல்லூரிப் பெண்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிவப்பியின் வலது இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "என்ன பாக்கறீங்க? அந்தப் பக்கமா ஏறுங்க."

நானும் வெங்கடராமனும் பின்னாலேயே போனோம். முதல் வளைவில் பிரேக் கொஞ்சம் தாமதம். திட்டு எங்களுக்கே கேட்டது. இரண்டாவதில் சரி. துண்டு வளைவு தாண்டியபோது தியோடர் சிரிக்கும் சத்தம் கேட்டது. உச்சிக்குப் போனதும் அம்மையார் சட்டப்படி சாவியை நீட்டினார்கள். அவர் வாங்கினார், உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், பிறகு திருப்பிக் கொடுத்தார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறுகிறாரே என்று நான் பார்த்தேன். அப்போது அவர் சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. "கோதண்டம், இத்தன வருஷமா நான் ரோட்ட மட்டும்தான் பாத்திருக்கேன். லெஃப்ட் சீட்டுல உக்காந்தாத்தான் தெரியுது, கீழ இவ்ளோ பெரிய ஊரு, ஏரி, திராட்சைத் தோட்டம் எல்லாம் இருக்கு. இத யாருமே எனக்குச் சொல்லலயே!" அன்று முதல் கடைசி வரை ஞாயிறுதோறும் அவர் இடது இருக்கையில் போனார். சென்ற மாதம் அப்படி ஒரு ஞாயிறு போய்வந்து, மத்தியானம் சாப்பிட்டு, நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வருகிறது, வரட்டும்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். இன்று மாலை நாங்கள் இந்த வாசலில் சோகமாக நின்றுகொண்டிருந்தபோது, தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. வெள்ளைப் புடவை, தலையில் ஸ்கார்ஃப், சிவப்பியை ஓட்டிக்கொண்டு மௌரீன் அம்மையார்! கண்ணாடிக் கூண்டு விஷயத்தை நான் பணிவோடு சொன்னேன். வண்டியிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னார்கள்.

"என்னைக் கேட்டீங்களா கோதண்டம்? அவர ஒரு பெட்டியில போட்டாச்சு. இந்த வீட்டுலேர்ந்து ஒரு பெட்டி போதும்."

அன்பர்களே, வளைவுகளைப் பார்க்கக் கற்ற நாங்கள் இதைப் பார்க்கத் தவறினோமே! ஓடுவதற்காகவே அவர் எழுப்பிய ஒன்றை நிறுத்தி வைத்து மாலை போடவா அவர் நம்மைச் சேர்த்தார்? தலைவர் அவர்களே, உங்கள் அனுமதியோடு... கொடுத்துவிட்டார்! இதோ, தீர்மானத்தைக் கிழிக்கிறேன். நன்றி, நன்றி, கைதட்டல் போதும்.

அதற்குப் பதிலாக இந்த உறுதியைக் கழகத்தின் சார்பில் எடுக்கிறேன். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சிவப்பி நந்திக்குப் போவாள். அதற்கடுத்த ஞாயிறும் போவாள். தண்ணீர் கேன்களோடு போவாள். ஒருவர் ஏற்றுவார், வேறொருவர் இறக்குவார். ஹாரன் மறுபடியும் தகராறு செய்வதாக அம்மையார் சொல்கிறார்கள். பழனிச்சாமி ஐயா ஞாயிறுவரை ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஞாயிறு மேலே ஓட்டுவது மௌரீன் அம்மையார். கீழே யார் என்று வாசலில் கேட்டேன். என்னையே கைகாட்டினார்கள். பெருமக்களே, நான் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஆனால் அந்த மலையில் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. எப்போது சாவி நீட்டினாலும் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிட்டுவிடுவேன். "எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்று உண்மையைச் சொன்னேன்.

"பயம் நல்லதுதான்" என்றார்கள் அம்மையார். "பயந்தவன்தான் முன்னாடியே பிரேக் போடுவான். அவர் உங்க எல்லார்கிட்டயும் தொண்ட கிழிய சொன்னது அது மட்டும்தானே?"

அதனால் மௌன அஞ்சலி இல்லை. எல்லோரும் எழுந்து வாசலுக்கு வாருங்கள். அம்மையார் சிவப்பியைக் கிளப்புவார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை நிற்போம். பிறகு ஞாயிறு உச்சியில் சாவியை என்னிடம் கொடுப்பார்கள். இந்தத் தடவை பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளமாட்டேன்.