முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு பவுண்டு

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, உள்துறையிலிருந்து வந்திருப்பவர் என்பதால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கட்டத்துக்குள் அடங்கிய எழுத்தில், ஒன்றும் விட்டுப்போகாமல் நிரப்பிய படிவத்தைப் பார்க்கும்போது மனசுக்கு ஒரு நிம்மதி.

ஸ்பால்டிங்கில், மோரீன் டாஸ்கரின் விதைப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அலுவலக மேலாளராக இருக்கிறேன். விவசாயிகள் முட்டைக்கோஸ் விதையும் வெங்காய விதையும் அனுப்புவார்கள். நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று நாங்கள் சொல்வோம். மொத்தம் பதினோரு பேர். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க உரிமம் வாங்கியபோது உங்கள் இணையதளத்தின் கடவுச்சொல் என்னிடம் வந்தது. மோரீன் அதைக் கேட்டதே இல்லை. "அந்தக் கண்றாவியெல்லாம் நீயே பாத்துக்க கண்ணு, எனக்குப் படிச்சாலே தலைவலி" என்பாள்.

தமுனா ஜார்ஜியாவிலிருந்து வந்தது 2021 நவம்பரில். மூன்று வருட விசா. வேலை, பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர். உலகத்தில் உள்ள எல்லா வேலைக்கும் உங்கள் துறை நாலு இலக்க எண் ஒன்று கொடுத்திருக்கிறது. அவளுடைய எண்ணைத் தேடிப் பிடித்து எழுதியவன் நான்தான். அந்த வகையில், அவளை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவன் நான் என்று சொன்னால் தப்பில்லை.

மதியம் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கத்தரிக்காயை வதக்கி, அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிக் கொண்டுவருவாள். எனக்கும் ரெண்டு தருவாள். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விசா பற்றிய சந்தேகங்களை என்னிடம் மட்டும்தான் கேட்பாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வெளியே சாப்பிடக் கூப்பிட்டேன். "ஐயோ கிரஹாம், நீங்க எனக்கு அண்ணன் மாதிரி" என்றாள். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. உறவுமுறை மாறக்கூடியது.

2024 ஏப்ரலில் சட்டம் மாறியது. வெளிநாட்டு ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு பவுண்டு சம்பளம் தரவேண்டும். தமுனா வாங்கிக்கொண்டிருந்தது இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. அறிவிப்பின் முதல் பக்கத்தை அச்செடுத்து மோரீன் மேசையில் வைத்தேன்.

"இம்புட்டா? இதக் குடுத்தா நான் கூடத்தச் சாத்திட்டு, மிச்ச விதைய வறுத்துத் தின்ன வேண்டியதுதான்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்ல பொண்ணுடா அவ. வேற வழியே இல்லியா?"

"சட்டம் அப்படி இருக்கு மோரீன்."

தமுனாவிடமும் நானே சொன்னேன். முளைவிட்ட தட்டு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தாள். "எண்பத்தேழு" என்று முணுமுணுத்து, குறித்துவைத்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நவம்பரோட நான் கிளம்பணுமா?"

"வருத்தமாத்தான் இருக்கு."

"அம்மாவுக்கு இப்பதான் டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்காங்க. நான் அனுப்புறது நின்னா..."

தெரியும். விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்.

மூன்று வாரம் பொறுத்திருந்தேன். யாரையும் அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. அதற்குள் அவள் வேறு இடங்களுக்கு விண்ணப்பித்துப் பார்த்தாள். இரண்டு நிறுவனங்கள் நற்சான்று கேட்டு எனக்கு எழுதின. பதில் அனுப்பவில்லை. நற்சான்று எழுதுவது கட்டாயம் என்று எந்த விதியிலும் இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னேன். "இங்க ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கிட்டா உன் சம்பளத்துக்கு வரம்பே கிடையாது."

"நீங்க நல்லவர் கிரஹாம். ஆனா எனக்கு உங்க மேல அந்த மாதிரி..."

"அதப் பத்தி இப்ப யாரு கேட்டா? பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவர்களும் உண்டு. உறவு உண்மையானதா என்று உங்கள் படிவம் கேட்டபோது ஆம் என்றுதான் குறித்தேன். என் அளவில் அது உண்மை.

இதில் ஒரு வேடிக்கை. கணவன் என்ற வேலைக்கு நீங்கள் எண் கொடுக்கவில்லை, ஆனால் சம்பள வரம்பு வைத்திருக்கிறீர்கள். வெளிநாட்டு மனைவியை வைத்துக்கொள்ள ஆண்டுக்கு இருபத்தொன்பதாயிரம் வருமானம் வேண்டும். எனக்கு இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். ஏற்கெனவே இங்கே வேலை பார்க்கிறவள் என்பதால் தமுனாவின் சம்பளத்தைக் காட்டியிருந்தாலே போதும். அதை நான் வெளியே சொல்லவில்லை. புருஷன் என்பவன் தன் காலில் நிற்கவேண்டும். அவளுக்காக இனி உரிமக் கட்டணம் எதுவும் கட்டவேண்டாம், அதில் ஒரு பங்கை எனக்குக் கொடுக்கலாம் என்று மோரீனிடம் சொன்னேன். "கல்யாணப் பரிசா வச்சுக்கடா" என்று சம்பளத்தை உயர்த்தி, கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள்.

ஆகஸ்டில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நவம்பரில் விண்ணப்பம், டிசம்பரில் மனைவி விசா. குறைந்தபட்சக் கூலியைத் தவிர இனி அவளுக்கு எந்த வரம்பும் இல்லை என்பதை ஜனவரியில் மோரீனுக்கு நினைவூட்டினேன். மூவாயிரம் குறைத்தாள். நிறுவனத்துக்கு நல்லது எதுவோ அதைச் சொல்வது என் கடமை. தமுனா ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்காய் செய்வதையும் நிறுத்தியிருந்தாள்.

மார்ச் மாதம் பீட்டர்பரோவில் இருக்கும் லேலா என்ற ஊர்க்காரியைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"லேலாவுக்குப் போன ஆகஸ்ட்லயே விசா நீட்டிச்சுட்டாங்க. அவ சம்பளம் இருபத்தொன்பதாயிரத்து இருநூறு. எப்படி?"

"ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற வேற."

"வேற இல்ல. ஏப்ரலுக்கு முன்னாடியே இங்க வேலை பாத்தவங்களுக்கு இருபத்தொன்பதாயிரம் போதுமாம். ரெண்டாவது பக்கத்துலயே இருக்கு." காகிதத்தை மேசையில் வைத்தாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நீ ரெண்டாவது பக்கம் கேக்கலியே."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

"உன்கிட்டதான் கேட்டேன், கிரஹாம். இந்த ஊர்ல உன் ஒருத்தன்கிட்ட மட்டும்தான் கேட்டேன்."

ஒரே ஒரு பையோடு லேலா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். பிறகு அவளுடைய வக்கீல் உங்களுக்கு எழுத, நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்துதான் செய்தேன். சட்டம் அமலான அன்று காலை, கணினியைத் திறந்ததும் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டேன். இரண்டாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அவளுடைய விசாவைப் புதுப்பிக்க ஒரு தடையும் இருக்கவில்லை. மோரீன் ஒரு பவுண்டுகூடச் சம்பளத்தைக் கூட்டியிருக்கவேண்டாம்.

ஆனால் நான் சொன்னது பொய் என்று வக்கீல் எழுதியிருப்பதை ஏற்கமுடியாது. அந்தச் சலுகை, வேலை விசாவில் இடைவெளி இல்லாமல் இருப்பவர்களுக்கு மட்டும். என்னைக் கட்டிக்கொண்டதால் தமுனா அதிலிருந்து வெளியே வந்துவிட்டாள். இன்று எந்த நிறுவனம் அவளை எடுக்க நினைத்தாலும் முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு தரவேண்டும். நான் சொன்ன தொகை இன்றைக்குச் சரியான தொகை. கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். உறவு முறிந்துவிட்டது என்று உங்கள் துறைக்கு எழுதியவனும் நான்தான். அவள் போன நாலாம் நாளே அனுப்பிவிட்டேன். அவளுக்கு அது இன்னும் தெரியாது. உங்கள் கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததும், நாட்டை விட்டுப் போக வழக்கமாக அறுபது நாள் கொடுப்பீர்கள். நிதானமாக யோசிக்க அது தாராளம். வாசல் பூட்டை நான் மாற்றவில்லை. அவள் வந்து மன்னிப்புக் கேட்டால், நான் ஒன்றும் பெரிதுபடுத்தப் போவதில்லை.