காப்பு இன்னும் நம் கையில்

மேடையில் வீற்றிருக்கும் நாட்டார் அவர்களே, ஊர்க்கவுண்டர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மங்கம்மாள் அம்மையாரே, புதூர்நாட்டுச் சொந்தங்களே! வணக்கம்.

கோயில் பூசாரி, நம் புளி விற்பனைச் சங்கத் தலைவர் வேடியப்பன் அவர்கள் போய்விட்டார். ஒன்பது ஆண்டுகள் அவருக்குச் செயலாளராக இருந்தேன். புளி மூட்டையைத் தானே முதுகில் சுமந்து சாலைக்கு இறக்கிய தலைவரை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? சந்தனக்கட்டை கடத்துகிறவன் ஆள் கேட்டு வந்தபோது, "எங்க ஊர்லேர்ந்து ஒருத்தனும் வரமாட்டான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். அதற்காகத்தான் அந்தப் பாவி பத்து நாளைக்கு முன், காளியம்மனுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், கோடரியோடு ஏழு பேரைக் கூட்டி வந்தான்.

நான்கு வீடுகளைக் கொளுத்தினான். குறுக்கே போன கோபால்சாமியின் தாடையை உடைத்தான். பெண்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். காப்புக் கட்டிய கை ஆயுதம் எடுக்கக் கூடாது அல்லவா? மறைக்க மாட்டேன், மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை அறுத்தெறியக் கொடுவாளை வைத்தேன். பூசாரி என் கையைப் பிடித்தார்.

"இன்னாய்யா பண்ற? அம்மாவுக்குக் கட்னது அது. அவ பாத்துக்குவா. கீழ போடு."

"வெட்ட வர்றானுங்க பூசாரி! சாமி வந்து குறுக்க நிக்குமா?"

"நான் நிக்கிறேன். அவ எனக்குப் பின்னால நிப்பா."

வெறுங்கையோடு வாசலில் நின்றார்! முதல் கோடரியை ஓங்கியவனின் கையை எட்டிப் பிடித்தார். சட்டைக்கை விலகியது. உள்ளே மஞ்சள் கயிறு! கூலிக்கு வந்த பக்கத்து நெல்லிவாசல்நாட்டு முனியன். "நீயும் அவ புள்ளதானே? காப்போடவா வந்த?" என்றார். முனியன் கையிலிருந்து கோடரி நழுவியது. அந்த நொடியில் கடத்தல் கூட்டத் தலைவன் பாய்ந்து பூசாரியின் தோளில் வெட்டினான். எலும்பு வரை இறங்கியது. கதவெல்லாம் ரத்தம். அடுத்த வெட்டைத் தன் கையில் வாங்கியவர் முனியன். அவருடைய இரண்டு விரல்கள் கோயில் படியில் விழுந்தன. அதைக் கண்டு, முனியனைப் போலக் கூலிக்கு வந்த மற்ற மலைக்காரர்கள் அந்தத் தலைவன் மேலேயே திரும்பினார்கள். அவன் ஓடிப்போனான். கோயிலுக்குள் இருந்த அறுபது உயிருக்கும் ஒரு கீறல் இல்லை.

'அம்மன் காப்பாற்றினாள் என்றால் பூசாரியை ஏன் விட்டாள்?' என்று ஊரே கேட்கிறது. ஆஸ்பத்திரியில் நானும் அவரிடம் அழுதுகொண்டே அதைத்தான் கேட்டேன். "நான் எனக்காவா கேட்டேன்? கதவுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான கேட்டேன். குடுத்துட்டாளே" என்றார். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

சொந்தங்களே! கடைசி வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் முனியன். அவரை உயிரோடு அனுப்பக் கூடாது என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். வேட்டிக்குள் என்ன செருகியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். திருவிழா பாதியில் நிற்கிறது. யார் கையிலாவது காப்பு அவிழ்ந்திருக்கிறதா? பாருங்கள்!

வெள்ளிக்கிழமை நாமே கூடி பூசாரி விட்ட பூசையை முடிப்போம். சந்தனக்கட்டை தூக்க நம் ஊரிலிருந்து ஒருவரும் போக மாட்டோம். முனியண்ணே, நீங்கள் முன்னால் வந்து மங்கம்மாள் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் வரிசையாக வந்து, கொண்டுவந்ததைப் பூசாரியின் படத்துக்கு முன்னால் போடுங்கள்.

நானும்தான் கொண்டுவந்தேன். இதோ, முதலில் என் கொடுவாள்.