காற்று மூலையில் ஒரு சொக்கற்

கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டிலும் கடற்காற்று ஒரு மூலைக்குத்தான் ஒழுங்காக வரும். எங்கள் மாடிவீட்டில் அந்த மூலையில் என்னுடைய சாய்மனைக் கதிரை கிடந்தது. அருந்ததிப் பிள்ளை, நீங்கள் ஸ்ரீஸ்கந்தராசாவின் சட்டத்தரணி. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்குக் காத்துக்கொண்டு எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தவன். நல்ல பிள்ளை. கனடாவில் இருக்கும் மகளோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைக்க என் மனைவி நேசமலர் ஆசைப்பட்டாள். உடனே அவன் புறக்கோட்டையில் நீல வயர் வாங்கிவந்து, சுவரை வெட்டிப் புதைத்து, சீமெந்து பூசி, வயர் செருக அறைக்கொரு சொக்கற் வைத்தான். ஒன்று என் மூலையில்.

"ஐயா, கதிரையை அங்கால தள்ளுவமே? கம்ப்யூட்டர் மேசை இதிலதான் வரவேணும்."

"தள்ளும் தம்பி. இவர் எங்க இருந்தாலும் நித்திரைதானே" என்றாள் நேசமலர்.

கதிரை குசினி வாசலுக்குப் போனது. அங்கே காற்று இல்லை. கருவாட்டு மணம் உண்டு. கம்ப்யூட்டர் அடுத்த மாதம்தான் வருமாம். அதுவரை என் காற்றை வெறும் மேசை வாங்கியது.

அந்த வாரமே இராணுவத்தின் சுற்றிவளைப்பு, வீடுவீடாகச் சோதனை. நேசமலர் சந்தைக்குப் போயிருந்தாள். ஈரம் காயாத சீமெந்தையும் நீல வயரையும் கண்ட அதிகாரி, குண்டுச் சந்தேகத்தோடு, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். அவனுக்குச் சிங்களம் தெரியாது. நான் அரசாங்கக் கந்தோரில் சிங்களத்திலேயே தலை நரைத்தவன்.

"ஐயா, அம்மா மகளோட கதைக்கப் பூட்டின கம்ப்யூட்டர் வயர் எண்டு சொல்லுங்கோ."

அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்: "வயரைப் புதைத்தது தான்தானாம். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாதாம்."

முதல் வசனம் உண்மை. இரண்டாவதும் பெரிய பொய்யில்லை. வயர் வேலையில் எனக்கு என்ன தெரியும்? நான் சொல்லி முடித்ததும் அவன் என்னை நன்றியோடு பார்த்து, அதிகாரியிடம் 'ஓம் ஓம்' என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர்களாகவே விளங்கிக்கொண்டார்கள்.

தடுப்புமுகாமில் அவனுக்கு வருடம் ஒன்றாகப் போகிறது. விசாவும் போய்விட்டது. நேசமலர் அழுகிறாள், காற்றுப் படும் இடத்தில் இருந்து நான்தான் ஆறுதல் சொல்கிறேன்.

வழக்குக் கூப்பிடும் நாளில் அவனுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே, பிள்ளை. வெளியாட்களை நம்பாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். அவனும் என்னைத்தான் கேட்பான்.