அவசரக் குளியல்

பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். ஈரமில்லாத மனசுக்காரர்களோ என்று தோன்றும். நான் கோடையிலும் வெந்நீர்தான். "இவருக்கு மழை பெஞ்சாக்கூட சுட வச்சுதான் பெய்யணும்" என்று என் மனைவி கேலி செய்வாள். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கென்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், ஐயா. நான் கொடூரமான ஆள் இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பலகை ஒட்டும் பசை செய்கிறோம். அதற்கு ஃபீனால் வேண்டும். நான் பாதுகாப்பு அதிகாரி. ஃபீனாலைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். ஆனாலும் நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. அமிலங்கள் யோக்கியமானவை. மேலே பட்டால் சுரீரென்று எரியும், நாமும் அலறிக்கொண்டு ஓடுவோம். ஃபீனால் அப்படியில்லை. பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்துவிடும். வலிக்கவில்லையே என்று ஆள் சும்மா நிற்கும்போது, அது தோல் வழியாகவே இரத்தத்தில் இறங்கி, இதயம், சிறுநீரகம் என்று பதம் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அதனால் பட்டவுடன் உடுப்பையெல்லாம் கழற்ற வேண்டும். கொட்டுகிற தண்ணீரின் அடியில் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். லேசாகத் தெளித்துக்கொண்டால் இன்னும் பரவத்தான் செய்யும். தோலால் செய்த ஷூ, பெல்ட், கடிகார வார் எல்லாம் ஃபீனாலைக் குடித்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இதற்காகத்தான் பம்ப் அறை வாசலில் ஓர் அவசரக் குளியல் குழாய் இருக்கிறது. மஞ்சள் சங்கிலியை இழுத்தால் அருவி மாதிரி கொட்டும். இந்த ஊர்க் குளிரில் சில்லென்ற தண்ணீரில் எவன் பதினைந்து நிமிடம் நிற்பான்? பாதியில் ஓடிவிடுவான். கெஞ்சிக் கூத்தாடி அதற்கென்று ஒரு வெந்நீர்த் தொட்டியும் நான்தான் வாங்க வைத்தேன். விதியும் அதையேதான் சொல்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

மேலாளர் என் மனைவியின் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான். அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. வீட்டில் அத்தான் என்பான், இங்கேயும் அத்தான் என்பான். அப்புறம் ஒருநாள் கூட்டத்தில் "ஷவர் அத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் லாரி ஓட்டுநர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். கடைசியில் எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத, என்னைவிட வயதில் மூத்த வாயிற்காவலர், "வணக்கம் ஷவர் அத்தான்" என்று விறைப்பாக சல்யூட் வைத்தார். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

போன மாதம் அவன் என்னை அழைத்துக்கொண்டுபோய்க் குழாயைக் காட்டினான்.

"அத்தான், இது கம்பெனியா, குளியலறையா? இதைப் பிடுங்கிட்டு இங்க காபி மெஷின் வைக்கப்போறேன். தண்ணி லைன் ரெடியா இருக்கு பாருங்க."

"பம்ப் ரூம்ல யார் மேலயாவது தெறிச்சா எங்கப்பா குளிப்பாங்க?"

"அந்தப் பக்கம் கை கழுவுற தொட்டி இருக்குல்ல."

"அதுக்குள்ள முழு ஆளு போக முடியாதேப்பா."

"இத்தனை வருஷத்துல இதுல ஒருத்தராவது குளிச்சிருக்காங்களா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, விட்டுடறேன்."

அந்த நிபந்தனையைப் போட்டது அவன்தான், நான் இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. லாரியிலிருந்து ஃபீனாலை இறக்கும் குழாய்களைப் பூட்டுவதும் கழற்றுவதும் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் பம்ப் அக்காதான். வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். குழாய் மூட்டு ஒருநாள் பிய்த்துக்கொண்டால் முதலில் நனைவது அவர்தான். அப்போது அவர் ஓடிவந்து பார்த்தால் அங்கே காபி மெஷின் நிற்கும். இதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். "என் தம்பிகிட்ட வம்பு வளர்க்காதீங்க" என்றாள். வம்பு வளர்ப்பதாக எனக்கு எண்ணமே இல்லை.

ஆக, குழாயில் குளிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நிதானமாக யோசித்தேன். பம்ப் அக்காவுக்குச் சளித்தொல்லை. ஓட்டுநர் கூச்ச சுபாவி. நானே குளிக்கலாம்தான், ஆனால் நேரம் பார்க்க ஒரு பொறுப்பான ஆள் வெளியே நிற்க வேண்டாமா? தினமும் உடற்பயிற்சிக்கூடம் போகிறவன், நெஞ்சில் கோளாறு இல்லாதவன் என்று பார்த்தால் மேலாளர் ஒருவன்தான் மிஞ்சினான்.

பசை வாங்கும் கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க வந்த நாள் அது. மச்சினன் புதுக் கோட்டும் புதுத் தோல் ஷூவுமாக வந்திருந்தான். அந்த ஷூவை ஏற்கெனவே எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்த மேசையின்மேல் காலைத் தூக்கிவைத்துக் காட்டினான். நல்ல ஷூ.

நான் சோதனைக்கு ஃபீனால் எடுக்கிற குடுவை ஒன்றில் வெறும் தண்ணீரும் வாசனைக்குக் கொஞ்சம் தரை துடைக்கிற திரவமும் கலந்து எடுத்துப்போனேன். அவன் கோட்டில் நீங்கள் சோதித்துக் கண்டுபிடித்ததும் அதைத்தான். பம்ப் அறை வாசலில் எனக்குக் கால் இடறியது. குடுவை அவன்மேல் கவிழ்ந்தது. "ஃபீனால்" என்று மட்டும் சொன்னேன். கத்தக்கூட இல்லை.

அவன் கையைப் பார்த்தான், கழுத்தைத் தடவினான். "எனக்கு ஒண்ணும் எரியலையே, அத்தான்" என்றான்.

"அதாம்பா பயமா இருக்கு" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. எரிகிறது என்று சொல்லியிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்குள் பம்ப் அக்கா தடித்த கையுறையோடு ஓடிவந்து சங்கிலியை இழுத்துவிட்டார். என் பாதுகாப்பு வகுப்பில் தூங்காதவர் அவர் ஒருவர்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலால் கோட்டை முதுகோடு வெட்டி எடுத்தார். ஷூவும் பெல்ட்டும் கடிகார வாரும் சிவப்பு மூடி போட்ட பீப்பாய்க்குள் போயின. உள்ளாடையில் அவன் பிடிவாதம் பிடித்தான்.

"சார், வெக்கப்பட்டா கிட்னி போயிடும் சார்" என்று அக்கா அன்பாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கழற்றினான்.

தண்ணீர் பட்டதும் அவன் போட்ட சத்தத்தில் வந்தவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "உதறுது அத்தான்!" என்றான். விஷத்தின் அறிகுறியாக இருக்கலாம், அசையாமல் நில் என்றேன். நடுவில் ஒருவர் என்னிடம் ஏதோ சந்தேகம் கேட்டார். விருந்தினர் ஆயிற்றே, விளக்கமாகப் பதில் சொன்னேன். அதில் நேரக் கணக்கு தவறிவிட்டது. பாதுகாப்பு விஷயத்தில் உத்தேசமெல்லாம் கூடாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முடிந்ததும் வந்தவர்கள் கைதட்டினார்கள். ஏற்பாடு செய்த செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள். "மேலாளரே துணிஞ்சு இறங்குற கம்பெனியை இப்பதான் சார் பார்க்கிறோம்" என்று ஒருவர் நெகிழ்ந்துபோனார். அன்றே ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கையெழுத்துப் போட்டது. பிறகு மருத்துவமனையில் அவனை ஒருநாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். என் மனைவி பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

"என் தம்பிக்கு என்ன ஆச்சு?"

"குளிச்சான்."

"குளிச்சதுக்கா ஆஸ்பத்திரி?"

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காபி மெஷின் மாடிக்குப் போய்விட்டது. அவனை இப்போது எல்லோரும் "குளிச்ச சார்" என்கிறார்கள். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை.

போன வாரம் லாரிக் குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். பம்ப் அக்காவின் தோள் முழுக்க உண்மையான ஃபீனால். மேலாளரே அங்கே குளித்திருக்கிறார், தனக்கென்ன கூச்சம் என்று அவர் நேராக ஓடிச் சங்கிலியை இழுத்தாராம். பதினைந்து நிமிடமும் அசையாமல் நின்றிருக்கிறார். இன்று வேலைக்கு வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குமேல் நான் என்ன நியாயம் சொல்ல, ஐயா? நான் செய்தது முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காக. சொந்தப் பகை என்று ஒன்றும் கிடையாது.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் வெதுவெதுவென்று சுகமாக இருந்தது என்று அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். பனிக்கட்டி மாதிரி இருந்தது என்று மச்சினன் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒரே தொட்டி, ஒரே குழாய், எப்படி என்று கேட்கிறீர்கள். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். மச்சினன் குளித்ததற்கு முந்தின நாள் மத்தியானமே தொட்டியின் ஹீட்டரை நான் அணைத்துவிட்டேன். பெரிய தொட்டி, ஐயா. ஆறுவதற்கு நேரம் பிடிக்கும்.