சத்தம் வராத ஏணி

தூத்துக்குடியில் ஓர் இரும்புக் கடையில் குழாய் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் காயல்பட்டினத்துக்காரர். துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜீப்பின் கூரைமேல் கூடாரம் மாட்டியிருக்கிறார். அதில் ஏறிப் படுக்க ஏணி வேண்டும்.

“ஏறும்போது சத்தம் வரப்படாது அண்ணாச்சி.”

கடைக்காரர் ஓர் அலுமினிய ஏணியை இழுத்து நீட்டினார். ஒவ்வொரு படியும் டக், டக்கென்று பூட்டிக்கொண்டது.

“இது வேண்டாம். ஆளு முழிச்சிரும்.”

“அப்ப மடக்கு ஏணி பாருங்க பாய். வெயிட்டு கூட, ஆனா சத்தம் கிடையாது. கூடாரம் பிள்ளைகளுக்கா?”

“எனக்குத்தான். துபாய் ரூம்ல அடுக்குக் கட்டிலு, எப்பவும் மேல் கட்டில்தான் எனக்கு. ஏணி ஏறிப் படுத்தே பழகிட்டு. வீட்டுல மெத்தையில தூக்கம் வரமாட்டேங்கு.”

“வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?”

“அவ சொல்லத்தான் செய்யுதா. வண்டி எங்க தெருவுக்குள்ள நுழையாது. கடற்கரையில நிப்பாட்டிட்டு அங்கனயே படுத்துக்கிடுதேன்.”

கடைக்காரர் மடக்கு ஏணியைச் சுவரில் சாய்த்தார். காயல்பட்டினத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் இரண்டு மூன்று படி ஏறிப் பார்த்தார். ஏணி முனகவில்லை.

“இதுவே போதும். கீழ் கட்டில்காரன் டூட்டி முடிஞ்சு வந்து அப்பத்தான் கண்ணசந்திருப்பான். எழுப்பிட்டா பாவம்.”

“ஜீப்புல கீழ யாரு பாய் இருக்கா?”

அவர் ஏணியில் நின்றபடியே கீழே குனிந்து பார்த்தார்.

“யாரும் இல்ல.”

இறங்கும்போதும் நுனிக்காலில்தான் இறங்கினார்.