சர்க்கனியெமி மாளிகையின் சவுனாச் சாவி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் ஹெல்வி அவர்களே! ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களே! பிள்ளைகளை மடியில் கிடத்தியிருக்கும் தாய்மார்களே! இந்தச் சர்க்கனியெமி மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துத் திருமண மண்டபமாகத் திருத்தியிருக்கும் தம்பி யெஸ்பர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் தவ்னோவின் வணக்கம்.

மாளிகையின் பெருமையைப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். பேசுகிறேன். மஞ்சள் பூசிய மாடம்! வெள்ளைத் தூண்களின் வரிசை! விருந்து என்ன, விளக்கு என்ன, வாத்தியம் என்ன! கட்டியது யார்? ஆண்டையா? கை தட்டாதீர்கள், பதில் சொல்லுங்கள்! குடியிருந்த நிலத்துக்கு வாடகையாக உடல் உழைப்பைக் கொடுத்த என் முன்னோர் கட்டினார்கள். அறுக்காத தங்கள் கதிர் மழையில் முளைவிட, மாளிகையின் கதிரை அறுத்தார்கள்.

"இனி முடியாது" என்றார்கள் ஒருநாள். என்ன செய்தார் ஆண்டை? ஜனவரிப் பனியில் ஆள் அனுப்பினார். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுப் புகைக்கூண்டை இடித்தார்கள். என் தந்தையை வயிற்றில் சுமந்திருந்த என் பாட்டி தில்தாவுக்கு அப்போதே வலி கண்டது. கல்லைக் காய்ச்சி ஆவியில் குளிக்கும் ஏரிக்கரை மரவீடான சவுனாவுக்குத் தூக்கிப் போனார்கள். மாளிகைக் காரியக்காரன் லிண்ட் அங்கேயும் விரட்ட வந்தான். மருத்துவச்சி கதவை மறித்தாள்.

"இது பிள்ளை பெறுற எடம்யா! தொப்பியக் கழட்டு, இல்லேன்னா வந்த வழியே போ!"

கழற்றினான் தொப்பியை! "முடிஞ்சதும் கெளம்பச் சொல்லு" என்று முனகிவிட்டுத் திரும்பினான். ஊரையே துரத்தியவனுக்கு அந்தப் படி ஏறத் துணிவு வரவில்லை. நாங்கள் பிறப்பதும் சவுனாவில். இறந்தபின் குளிப்பாட்டப்படுவதும் சவுனாவில். அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை.

பின்வரிசையில் என்ன சிரிப்பு? "இப்ப அங்க பீர்தான் ஓடுது தாத்தா" என்கிறாயா? சரியாகச் சொன்னாயப்பா. அதற்குத்தான் வருகிறேன்.

என் தம்பி ஏலிஸ் முந்தாநாள் போய்விட்டான். துரத்தப்பட்ட குடும்பம் பின்னாளில் ஊர் திரும்பியபின் அவனும் அங்கே பிறந்தவன்தான். "அண்ணே, ஆஸ்பத்திரித் தண்ணி வேணாம். ஏரித் தண்ணிய மொண்டு நம்ம சவுனாவுல என்னக் குளிப்பாட்டிடு" என்று கேட்டுவிட்டுக் கண்மூடினான். நாளை அடக்கம். நேற்று சாவி கேட்டுப் போனேன். தம்பி யெஸ்பர் சொன்ன பதிலைக் கேளுங்கள்:

"வாரம் பூரா புக் ஆயிடுச்சுங்க. மாப்பிள்ளைத் தோழனுங்க வர்றாங்க. அதுவும் பொணம்னா... வர்ற விருந்தாளிங்க மூஞ்சி சுளிக்க மாட்டாங்களா?"

பிணமா? என் தம்பி உனக்குப் பிணமா? 'பாரம்பரியச் சவுனா' என்று பலகை மாட்டினாயே, யாருடைய பாரம்பரியம் அது? லிண்ட் எங்கள் வீட்டை இடித்தான். அவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே!

தலையைக் குனியாதீர்கள் தம்பி. நான் இங்கே புகழ்பாட வரவில்லை. ஏலிஸ் வெளியே, வண்டியில், பெட்டிக்குள் இருக்கிறான். பக்கத்தில் விறகு இருக்கிறது. குளிக்கும்போது உடம்பைத் தட்டும் பிர்ச் மர இலைக்கொத்து இருக்கிறது. கோடரியும் இருக்கிறது. சாவி தந்தால் கதவைத் திறப்பேன். தராவிட்டால் பூட்டை உடைப்பேன்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தண்ணீர் சுமக்க நாலு பேர் என்னோடு வாருங்கள். வணக்கம்.