வியூவரில் நின்ற பூஜ்யம்

கால் ஆடுகிறதே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உட்கார்ந்தால் அது ஆடும். பள்ளிக்கூடத்திலேயே அதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.

மானாம்பதி நெல் குடோனில் எனக்கும் ஜெகனுக்கும் கம்ப்யூட்டர் வேலை. மூட்டைகளுக்குப் பூச்சி மருந்து வைத்துக் கதவை அடைத்தால் உள்ளே விஷவாயு நிற்கும். சென்சார் அதன் அளவை அனுப்பும். நான் கட்டளை தட்டுவது ஆபீசில் இருக்கும் கன்சோலில். அளவைப் பெரிதாகக் காட்டுவது ஜெகன் செய்த வியூவர், குடோன் கதவுக்குப் பக்கத்துத் திரையில். இரண்டுக்கும் மதிப்புகள் பொது. இங்கே நான் எதை மாற்றினாலும் அங்கே மாறும். அப்படி இணைத்தது நான். தூக்கம் கெட்டுச் செய்த வேலை. ஆனால் முதலாளி தமிழ்வாணன் வந்தால் வியூவரைத்தான் பார்ப்பார், ஜெகன் தோளைத்தான் தட்டுவார்.

அந்த இணைப்பையும் எடுக்கச் சொன்னான் ஜெகன்.

"கோபாலு, நீ டெஸ்ட்டுக்கு இன்னா நம்பர் தட்டினாலும் வியூவர்ல வந்து நிக்குது. அத்த நம்பி எவனாவது உள்ள பூந்துட்டா இன்னா ஆவறது? கட் பண்ணிடுப்பா."

நியாயமான பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலை, "கட் பண்ட்டேன்டா" என்றேன். சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நான் எதையும் எடுக்கவில்லை.

மத்தியானம் அவன் சாவியோடு கிளம்பினான். வாயு அப்போதும் உள்ளேதான் இருந்தது. கன்சோலில் பூஜ்யம் என்று போட்டேன், சும்மா சோதனைக்கு. கதவருகே திரையை அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கேஸ் போய்ட்ச்சு, மூட்டைங்கள பாத்துட்டு வரேன்" என்று எதிரே இருந்த ஆபீஸ் ஜன்னல் வழியாக எனக்குக் குரல் கொடுத்தான். தன் வியூவரை அவன் அவ்வளவு நம்பினான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவன் திரும்பி வரவில்லை.

கை தவறியிருக்கலாம் என்கிறீர்கள். பெரிய மனது உங்களுக்கு. ஆனால் விஷயம் தெரிந்தவர் யாராவது சொல்லிவிடுவார், நானே சொல்லிவிடுகிறேன். சென்சார் ஓய்வதில்லை. நான் போட்ட பூஜ்யத்தை அழித்து, நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையான அளவை எழுதிவிடும். அன்றைக்குப் பூட்டு துருப்பிடித்திருந்தது. ஜெகன் வெகுநேரம் அதோடு மல்லுக்கட்டினான். அது திறக்கும்வரை நானும் பூஜ்யத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நேரமும் என் கால் ஆடவில்லை, ஐயா.